கடைசி அத்தியாயத்தையும் நடத்துங்கள்: பினாங்குப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநில இடைநிலைப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், அறிவியலும் உயிரியலும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

படிவம் 4 உயிரியல் பாடநூலில் பதினைந்தாவது அத்தியாயமாக, எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கப்பட்டிருப்பது மனித இனப்பெருக்கம். விந்தணு, கருமுட்டை என்ற பாலணுக்கள் உருவாகும் விதம், மாதவிடாய்ச் சுழற்சி, கரு வளர்ச்சி, இரட்டையர், குழந்தைப்பேறின்மை, அதற்கு மருத்துவம் கண்டிருக்கும் வழிகள் என்று ஒருவர் வாழ்நாள் முழுவதும் தம் உடலுக்காகப் பயன்படுத்தக்கூடிய அறிவு அதில் இருக்கிறது. அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போக வேண்டாம், ஆண்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பாதியை மட்டும் நடத்த வேண்டாம், "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். புதிதாக ஒரு பாடத்தைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. கலைத்திட்டத்தில் ஏற்கெனவே இருப்பதை, அது எழுதப்பட்ட அளவுக்கேனும் முழுமையாக நடத்துங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நான் இந்தத் தீவிலுள்ள ஒரு கருத்தரிப்புச் சிகிச்சை மையத்தின் ஆய்வகத்தில் கருவியல் வல்லுநராகப் பணிபுரிகிறேன். கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்து, அதனால் உருவாகும் கருவை ஐந்தாறு நாள் இன்குபேட்டரில் வளர்த்து, தாயின் கருப்பைக்குள் வைக்க மருத்துவரிடம் ஒப்படைப்பது எங்கள் வேலை. பொழுதில் பெரும்பகுதி நுண்ணோக்கியோடு கழிந்தாலும், சிகிச்சைக்கு முன்பு தம்பதியருக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பும் எங்களுக்கு உண்டு. முப்பத்தைந்து வயதில் அந்த அறையில் கேட்கப்படும் கேள்விகளில் பலவற்றுக்கு, பதினாறு வயதில் படித்திருக்க வேண்டிய பக்கங்களிலேயே பதில் இருக்கிறது.

மாதவிடாய்ச் சுழற்சிக்கான வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். 28 நாள் சுழற்சி, அதன் நடுவில் 14ஆம் நாள் கருமுட்டை வெளியேறுதல் என்று அது வரையப்பட்டிருக்கும். தேர்வுக்காக மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோக, 14 என்ற எண் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. "அக்கா, நாங்க பதினாலாம் நாளத் தவறவிட்டதே இல்ல" என்று பாயான் லெப்பாஸில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் சொன்னார். அவருடைய சுழற்சி 35 நாள். கருமுட்டை வெளியேறிய பிறகு அடுத்த மாதவிடாய் வரும் வரையிலான காலம்தான் ஏறத்தாழ 14 நாளாக நிற்கும்; நீள்வதும் குறுகுவதும் அதற்கு முந்தைய பகுதி. ஆகவே அவருக்குக் கருமுட்டை 21ஆம் நாளை ஒட்டியே வெளிவந்திருக்கும். வெளிவந்த முட்டை கருவுறக்கூடிய நிலையில் இருப்பது 12 முதல் 24 மணி நேரம் மட்டுமே. விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். இவ்வளவையும் கரும்பலகையில் விளக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காததால் அத்தம்பதியர் ஆண்டுக்கணக்கில் தவறான நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். குழந்தை வேண்டாம் என்று நாள் கணக்கை நம்புகிறவர்களுக்கும் இதே அறியாமை வேறு விதமாக வினையாகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த வரைபடத்தை ஒட்டி ஆசிரியர் சொல்லக்கூடியவை இன்னும் உண்டு. மாதக்கணக்கில் மாதவிடாய் தள்ளிப்போவது பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். மாதந்தோறும் பள்ளிக்கு வர முடியாத அளவுக்கு வலி வந்தால், அது "எல்லாப் பொம்பளப் பிள்ளைக்கும் இருக்கிறதுதான்" என்று ஒதுக்கிவிடக்கூடியதன்று. எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம். உலகெங்கும் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு அந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதைக் கண்டறியப் பல ஆண்டுகள் தாமதமாவதற்கு, வலியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பெண்ணுக்கு இடமில்லாமல் போவதும் ஒரு காரணம். மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அச்சடித்து, உறவினரையெல்லாம் கூட்டி மகளுக்குப் பூப்பு நீராட்டு விழா நடத்தும் சமூகம் நம்முடையது. அதே மகளுக்கு அந்த மாற்றம் ஏன் நிகழ்கிறது என்று வகுப்பில் விளக்கினால் மட்டும் நமக்குக் கூச்சம் வந்துவிடுவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி, ஆய்வகத்திலிருந்து ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். கருமுட்டை உருவாகும்போது செல் சமமாகப் பிரிவதில்லை, ஒன்று பெரிய முட்டையாகவும் மற்றொன்று துருவச் செல் என்ற சின்னஞ்சிறு துணுக்காகவும் பிரிகின்றன, அத்துணுக்கு பிறகு அழிந்துவிடும் என்று பாடநூல் சொல்கிறது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு உதவும் தகவல் என்ற அளவிலேயே மாணவர்கள் அதைக் கடந்துவிடுகிறார்கள். விந்தணுக்களின் எண்ணிக்கையோ அசைவோ மிகக் குறைவாக இருக்கும்போது நாங்கள் இக்சி என்ற முறையைக் கையாளுகிறோம். 1992இல் பிரஸ்ஸல்ஸில் முதன்முதலாக வெற்றிபெற்ற முறை அது. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள முட்டையை ஒரு கண்ணாடிக் குழலின் மெல்லிய உறிஞ்சலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு விந்தணுவைத் தேர்ந்து, அதன் வாலை ஊசியால் அழுத்தி அசைவை நிறுத்தி, பிறகு அதை முட்டைக்குள் செலுத்த வேண்டும். ஊசி நுழையும் இடத்தில் முட்டையின் குரோமோசோம்கள் இருந்துவிட்டால் அவை சிதைந்துபோகும். சாதாரண ஒளியில் அவை கண்ணுக்குத் தெரிவதுமில்லை. அப்போது எங்களுக்குத் துணை நிற்பது அந்தத் துருவச் செல்தான். குரோமோசோம்கள் பெரும்பாலும் அதன் அருகிலேயே இருக்கும் என்பதால், கடிகார முகப்பில் 12 அல்லது 6 இருக்கும் திசையில் துருவச் செல் நிற்கும்படி முட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு, 3 இருக்கும் பக்கத்திலிருந்து ஊசியைச் செலுத்துவோம். மறுநாள், 16 முதல் 18 மணி நேரம் கழித்துப் பார்த்தால், கருவுற்ற முட்டைக்குள் தாயினுடையது ஒன்றும் தந்தையினுடையது ஒன்றுமாக இரண்டு உட்கருக்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். மூன்றாம் நாள் ஏறக்குறைய எட்டுச் செல். ஐந்தாம் நாள் உள்ளே நீர் கோத்த பந்துபோன்ற கருக்கோளம். இதையெல்லாம் ஓடும் படமாகக் காட்டும் காணொலிகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. அதைப் பார்த்த மாணவருக்குப் பாலணுப் பிரிவு மறக்குமா? தொழில்நுட்பத்தைத் தனியாக ஒரு பெட்டிச் செய்தியாக வைக்காமல், உயிரியலின் ஒவ்வொரு வரியோடும் இணைத்து நடத்த முடியும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

தொழில்நுட்பத்தைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். செய்தித்தாள்களும் விளம்பரங்களும் வெற்றியை மட்டுமே காட்டுகின்றன. ஒரு பெண் கருவில் இருக்கும்போதே, ஏறக்குறைய இருபதாவது வாரத்தில், அவளுடைய சினைப்பைகளில் 6 முதல் 7 மில்லியன் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை 1 முதல் 2 மில்லியனாகவும், பூப்பெய்தும்போது மூன்று நான்கு லட்சமாகவும் குறைந்துவிடுகின்றன. புதிதாக எதுவும் உருவாவதில்லை. எண்ணிக்கை குறைவதோடு, வயது ஏற ஏறக் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாத முட்டைகளின் விகிதமும் கூடுகிறது. உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐ.வி.எஃப். முறை இதை மாற்றுவதில்லை. பிரிட்டனின் தேசியப் பதிவேட்டின்படி 35 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு, கருப்பையில் வைக்கப்படும் ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. தம் சொந்த முட்டையையே பயன்படுத்தும் 43, 44 வயதுப் பெண்களுக்கு அது இருபதில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. ஐம்பது வயதில் தாயான பிரபலங்களின் படங்களை நம் புலனக் குழுக்களில் பகிர்ந்துகொள்கிறோமே, அவற்றில் பெரும்பாலும் முட்டை வேறொரு இளம்பெண்ணுடையதாக இருக்கும் என்பதை யாரும் எழுதுவதில்லை. இந்நாட்டுத் தனியார் மையங்களில் ஒரு சுற்றுச் சிகிச்சைக்கு 15,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை ஆகிவிடுகிறது. 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்தே இதற்குப் பணம் எடுக்கலாம் என்ற வசதி வந்திருப்பது நல்லதுதான். ஆனால் முதுமைக்குச் சேர்த்த பணத்தைத் தொடப்போகிறவர், அந்த வாய்ப்பு எத்தனையில் ஒன்று என்பதையாவது அறிந்து தொட வேண்டாமா?

பெண்பிள்ளைகள் சீக்கிரம் திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்ல இவ்வெண்களை நான் எடுத்துக்காட்டவில்லை. அப்படி இவற்றைப் பயன்படுத்தும் ஆசிரியர் பாடத்தைக் கெடுக்கிறார் என்றே சொல்வேன். படிப்பு, வேலை, வீடு என்று ஒவ்வொன்றாகத் திட்டமிடும் ஒரு பெண், இதையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள உரிமை உடையவள், அவ்வளவுதான்.

இப்போது ஆண்பிள்ளைகளிடம் வருகிறேன். ஒரு பள்ளியில் பேச அழைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். நான் போய்ச் சேர்ந்தபோது ஆண்பிள்ளைகள் எல்லாரும் பந்து விளையாடத் திடலுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். "இது பெண்கள் விஷயம்" என்று விளக்கம் தரப்பட்டது. கருத்தடை முறைகள் பற்றிய ஒரே ஒரு படவில்லையையும் எடுத்துவிடச் சொன்னார்கள். அது படிவம் 1 அறிவியல் பாடநூலிலேயே இருக்கிறது என்று நான் சொன்ன பிறகும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. எங்கள் மையத்துக்கு வரும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் காரணமாக இருக்கிறது. உலக அளவிலும் நிலைமை இதுதான். ஆனால் பரிசோதனைக்கு முதலில் வருபவர் பெண். மாமியார் முதல் அக்கம்பக்கத்தார் வரை பேச்சுக் கேட்பவரும் அவரே. ஒரு சிறிய குப்பியில் எடுத்து, ஒரு மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும் விந்துப் பரிசோதனைக்குக் கணவர் சம்மதிப்பதற்குள் மனைவி எத்தனையோ ஊசிகளையும் ஸ்கேன்களையும் கடந்திருப்பார்.

அந்தத் திடலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்ப்பதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் இப்போது எங்களிடம் வருகிறார்கள். ஆண்மைக்குரிய ஹார்மோன்தானே, அதனால் குழந்தை பெறும் திறன் கூடும் என்று நினைத்திருக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்து சேர்ந்ததும், உடலில் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை கணித்துக்கொண்டு, விந்தகங்களைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற இரு ஹார்மோன்களையும் நிறுத்திவிடுகிறது. விந்தணு உற்பத்தி அடங்கிப்போகிறது. சிலருக்கு ஒன்றுகூட இருப்பதில்லை. ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஊசியை விட்ட பிறகும் பழைய நிலை திரும்ப மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். இது எந்த மருத்துவ நூலிலும் தேடவேண்டிய செய்தி அன்று. மாதவிடாய்ச் சுழற்சியை விளக்கும்போது ஆசிரியர் சொல்லும் எதிர்மறைப் பின்னூட்டம் என்பதேதான் இது. அந்த வகுப்பிலிருந்து ஆண்பிள்ளைகளை வெளியே அனுப்புவதால் நாம் எதைக் காப்பாற்றுகிறோம்?

அரசு இப்பிள்ளைகளின் உடலை மறந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். 2010 முதல் படிவம் 1 மாணவிகளுக்கு, ஏறக்குறைய 13 வயதில், பள்ளியிலேயே ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடும் திட்டம் நடந்துவருகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அந்த வைரஸ் காரணம் என்று கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. 2016இல் படிவம் 4 மாணவர்களுக்கு, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனை தொடங்கியது. முதல் ஊசி, வருங்காலத்தில் பாலுறவால் தொற்றக்கூடிய ஒரு வைரஸுக்கு எதிரானது. இரண்டாவது, வருங்காலப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடிய ஒரு மரபணுவைத் தேடுவது. இரண்டுக்கும் பெற்றோராகிய நாம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுகிறோம். சுகாதாரத் தாதியர் வந்து ஊசியைப் போட்டுப் போகிறார்கள். அந்த ஊசி எதற்கு என்று விளக்கும் அத்தியாயத்தை மட்டும் வகுப்பில் நடத்தக் கூடாது என்றால், ஒப்புதல் என்பதற்குப் பொருள்தான் என்ன?

தலசீமியா நம் வீடுகளுக்கு இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மிடையே பழைய வழக்கம். இந்நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுக்கும் 11ஆம் பிரிவிலேயே, இந்து ஒருவர் தம் வழக்கப்படி சகோதரியின் மகளை மணப்பதற்கு விலக்கு அளித்திருக்கிறது. மாமன் மகளோடு ஒருவர் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களையும், அக்காள் மகளோடு நான்கில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டிருப்பார். இத்தகைய திருமணங்களில் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். யாரையும் குற்றம் சாட்ட இதை நான் சொல்லவில்லை. ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோயாக வெளிப்படும் ஒரே ஒடுங்கு மரபணு இருவரிடமும் மறைந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது கணக்கு. கணவன் மனைவி இருவரும் தலசீமியாவைக் கடத்துபவர்களாக இருந்தால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. "அப்படியென்றால் மூத்தவனுக்கு இருப்பதால் அடுத்த மூவருக்கும் வராது அல்லவா" என்று நன்றாகப் படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனித்தனியாக நான்கில் ஒன்று என்பதைப் பதினாறு வயதில் கட்டம் போட்டுப் பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார். ஐந்தாம் நாள் கருவின் வெளிப்புறத்திலிருந்து சில செல்களை எடுத்துப் பரிசோதித்து, நோயில்லாத கருவை மட்டும் கருப்பையில் வைக்கும் வழியும் இன்று இருக்கிறது. படிவம் 4இல் இனப்பெருக்கம், படிவம் 5இல் மரபுவழி, மரபணுத் தொழில்நுட்பம் என்று அடுத்தடுத்து இருப்பதைச் சேர்த்து நடத்த ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அமையாது.

இங்கே அறமும் நுழைகிறது, நுழையட்டும். நோயில்லாத கருவைத் தேர்வது சரியென்றால் ஆண் கருவைத் தேர்வதும் சரியா என்று ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார். தமிழ்நாட்டு மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் கருவின் பாலினம் சொல்லப்படமாட்டாது என்ற பலகை ஏன் தொங்குகிறது, அதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே எதற்காக வந்தது என்பது அவருடைய கேள்விக்கு ஒரு பகுதி விடை. பினாங்கு வகுப்பறைகளில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாரும் இருப்பது இந்த உரையாடலுக்குத் தடையன்று, வாய்ப்பு. சட்டப்படி மணந்த கணவன் மனைவியின் சொந்த விந்தணுவும் முட்டையும் என்றால் ஐ.வி.எஃப். முறையை இந்நாட்டு இஸ்லாமிய அறிஞர்கள் ஏற்கிறார்கள். மூன்றாமவர் இடையில் வருவதை ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1987இல் வெளியிட்ட ஆவணம் தம்பதியருக்குள்ளேயே செய்யப்படும் ஐ.வி.எஃப். முறையையும் மறுக்கிறது. இந்துக்களுக்கு அப்படி எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒரே தீர்ப்பு கிடையாது. மாணவர்கள் தத்தம் சமயம் சொல்வதை அறிந்து வந்து பேசலாம். யாருடைய நம்பிக்கையைப் பற்றியும் ஆசிரியர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை.

வரலாற்றுக்கும் சில நிமிடம் ஒதுக்கலாம். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் 1978 ஜூலை 25இல் பிறந்தார். அதற்கு முன் நூற்றுக்கும் மேற்பட்ட முறை கருக்கள் கருப்பையில் வைக்கப்பட்டுப் பயனின்றிப் போயின என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். இம்முறையை உருவாக்கியதற்காக ராபர்ட் எட்வர்ட்ஸ் 2010இல் நோபல் பரிசு பெற்றார். அவரோடு பணியாற்றிய மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோவின் பெயரும் எங்கும் இருக்கிறது. அவர்களோடு இணையாக உழைத்த ஜீன் பர்டி என்ற தாதியின் பெயரோ நெடுங்காலம் நினைவுப் பலகையிலும் இடம்பெறவில்லை. லூயிஸாக வளரப்போகும் கரு பிரிந்துகொண்டிருப்பதை முதலில் நுண்ணோக்கியில் பார்த்தவர் அவர். எங்கள் தொழிலில் உலகின் முதல் ஆள் என்று அவரையே நாங்கள் கருதுகிறோம். அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால், உறைநிலையில் காத்த கருவிலிருந்து துர்கா என்ற பெண் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்ப மறுத்தது. இடமாற்றமும் அவமதிப்பும் தொடர, 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து, அவருடைய குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்த பிறகே இந்திய அறிவியல் உலகம் அவருக்குரிய இடத்தை ஒப்புக்கொண்டது. தெரியாத ஒன்றைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் எப்படி அணுக வேண்டும் என்று மாணவர்கள் விவாதிக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

"இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்ற அச்சத்தை நான் கேலி செய்யப்போவதில்லை. கைத்தொலைபேசியில் என்னென்னவோ வந்து கொட்டும் காலத்தில் பெற்றோருக்கு அச்சம் இருப்பது இயல்பு. ஆனால் யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இத்தகைய கல்வி பிள்ளைகளின் பாலுறவு நடவடிக்கையைக் கூட்டுவதில்லை என்றே முடிவுக்கு வந்திருக்கிறது. நம் நாட்டிலும் இனப்பெருக்க, சமூக நலக் கல்வி என்ற பெயரில் 2011 முதல் பள்ளிகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அது "செய்யாதே, போகாதே" என்ற அறிவுரையாகச் சுருங்கிவிடுவதைப் பார்க்கிறேன். அறிவுரைக்கு அதற்குரிய இடம் உண்டு. சுழற்சியின் நாள்களையும் ஹார்மோன்களின் வேலையையும் அறிவுரையால் கற்பிக்க முடியாது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து நேர்த்திக்கடன் செலுத்தும் தம்பதியரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆய்வகத்தில் உருவான பிள்ளைகளும் அத்தொட்டில்களில் போயிருக்கிறார்கள். வேண்டுதலும் சிகிச்சையும் அந்த வீடுகளில் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. சிகிச்சையை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் ஒருவரும் வாய் திறக்காததால், அடுத்த தெருவில் அதே துன்பத்தில் இருப்பவர் தாம் மட்டுமே இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். குடும்பங்கள் பேச முடியாததை வகுப்பறையாவது பொதுவாக, யாருடைய பெயரும் இல்லாமல் பேசலாம்.

நடைமுறைக்கு வருகிறேன். அத்தியாயம் கடைசியில் இருப்பதால் ஆண்டிறுதியில் நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மை. அதை ஆண்டின் நடுப்பகுதிக்கு, செல் பிரிவு நடத்தி முடித்த கையோடு கொண்டுவர முடியுமா என்று உங்கள் பாடக்குழுவில் பேசிப் பாருங்கள். பாட ஒழுங்கு அதற்கு இடம் தரும் என்றே நினைக்கிறேன். உயிரியலை எடுக்காத மாணவருக்குப் படிவம் 1 அறிவியலின் நான்காவது அத்தியாயமே இதைப் பற்றி அவர் முறையாகப் படிக்கும் கடைசி வாய்ப்பாகப் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. ஆகவே குழந்தைப்பேறின்மையும் கருத்தடையும் பற்றிய பகுதியை அங்கே வெட்டிவிட வேண்டாம். இருபாலாரையும் ஒன்றாக உட்கார வைத்து நடத்துங்கள். கேட்கக் கூச்சப்படும் கேள்விகளைப் பெயரில்லாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தால் போதும். எனக்கு வந்த சீட்டுகளில் மிகுதியானவை "எனக்கு இருப்பது இயல்பானதா" என்ற ஒரே கேள்வியின் வடிவங்கள்தாம். பெற்றோர் அஞ்சும் கேள்விகள் மிகக் குறைவு.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் கழிவறை, சிற்றுண்டிச்சாலை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றோடு இதையும் ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: இந்த அத்தியாயம் எந்த மாதத்தில், எத்தனை பாடவேளைகளில் நடத்தப்படும்? அதை நடத்தும் ஆசிரியரைப் பற்றி ஒரு பெற்றோர் புகார் சொல்லி வந்தால், முதலில் பாடநூலின் அந்தப் பக்கத்தைத் திறந்து அவருக்குக் காட்டுங்கள். இளம் ஆசிரியர்கள் பலர் நடத்தத் தயாராகவே இருக்கிறார்கள். பின்னால் நிற்க யாரும் இல்லை என்பதே அவர்களின் தயக்கம். 2027 முதல் படிப்படியாக வரவிருக்கும் புதிய பள்ளிக் கலைத்திட்டத்தில் இப்பகுதி இன்னும் முன்னால், இன்னும் விரிவாக அமைய வேண்டும் என்ற கோரிக்கையையும் உங்கள் சங்கங்களின் வழியே அனுப்பலாம்.

ஆசிரியர்களுக்கு என் பங்காக ஒன்றைச் சொல்ல முடியும். கருவுறுதலும் கரு பிரிதலும் பற்றிய காணொலிகள், சினைப்பை, விந்தகம் ஆகியவற்றின் நுண்ணோக்கி வில்லைகள், பயன்படுத்தி முடிந்த கண்ணாடி ஊசிக் குழல்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பட்டர்வொர்த்தோ பிறையோ புக்கிட் மெர்தாஜாமோ, சனிக்கிழமைகளில் எந்தப் பள்ளிக்கும் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன், வகுப்பிலுள்ள எல்லாரும் உள்ளே இருப்பார்கள் என்றால்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கருவியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு.